ஃபவுலர் கட்டில் சும்மா கிடைக்கிறது, பிள்ளைக்குப் போடலாமா?

9 ஜூன் 2024

பாறசாலையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டது: "அக்கா, மகனுக்கு ஏழு வயசு. சி.பி. (மூளை முடக்குவாதம்), கூடவே ஃபிட்ஸ் (வலிப்பு) உண்டு. ராத்திரி உருண்டு கீழே விழுகிறான். தெரிந்தவர் வீட்டில் தாத்தா படுத்திருந்த ஃபவுலர் கட்டில், தலைப்பக்கம் உயர்த்துகிற ஆஸ்பத்திரிக் கட்டில், சும்மா கிடக்கு, இரண்டு பக்கமும் கம்பி உண்டு. எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். போடலாமா?"

அப்படியே கொண்டுவந்து போடாதே. தாத்தாவுக்கு நல்ல கட்டிலாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அது பெரியவர் உடம்புக்கு அளவெடுத்துச் செய்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கான சர்வதேசத் தரம், ஐ.இ.சி. 60601-2-52 என்று பெயர், பெரியவர் என்றால் யார் என்று அதில் எழுதியே வைத்திருக்கிறார்கள்: 146 செ.மீ. உயரம், 40 கிலோ எடை, பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) 17, இதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். அந்த ஆளுக்குத்தான் கம்பிகளுக்கு நடுவே 12 செ.மீ. வரை இடைவெளி விடலாம் என்கிறார்கள், அவர் தலை அதில் நுழையாது என்ற கணக்கில். உன் மகன் மாதிரி மெலிந்த பிள்ளைக்கு நடப்பது வேறு. காலும் இடுப்பும் முதலில் நழுவி வெளியே போகும், தலை மட்டும் உள்ளே சிக்கி நிற்கும், உடம்பின் கனம் முழுக்கக் கழுத்தில் தொங்கும். தரையில் விழுந்தால் பெரும்பாலும் ஒரு புடைப்பு, ஒரு அழுகை. கம்பியில் சிக்கினால் அழச் சத்தமே வராது.

இதுவும் தரப்படி செய்த கட்டிலுக்கான பேச்சு. நம்ம ஊர் வெல்டிங் பட்டறையில் செய்து வருகிறதற்கு அந்தக் கணக்கும் கிடையாது. நாகர்கோவிலில் நான் பார்த்த மடக்குக் கம்பிகள் பலவற்றில் என் கை தோள்வரை நுழைந்தது.

10 ஜூன் 2024

"அப்போ பிள்ளைக்கு எவ்வளவு இடைவெளி?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஆறு செ.மீ. மேல் வேண்டாம். சிறுவர்களுக்கான மருத்துவக் கட்டிலுக்கு ஐரோப்பாவில் தனித் தரமே இருக்கிறது, இ.என். 50637, 155 செ.மீ. உயரம் வரையுள்ள பிள்ளைகளுக்கு. அமெரிக்காவில் கைக்குழந்தைத் தொட்டில் கம்பிகளுக்கும் இதே அளவுதான், அவர்கள் கணக்கில் இரண்டும் எட்டில் மூன்றும் அங்குலம். ஆசாரியிடம் ரெண்டேகால் அங்குலம் என்று சொல்லுங்கள், அதில் பாதுகாப்பாக அடங்கிவிடும்.

டேப் பிடித்து அளந்தால் போதாது. ரெண்டேகால் அங்குல கனத்தில் ஒரு மரக்கட்டை வெட்டித் தரச் சொல்லுங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலைச் சுற்றி எல்லா இடத்திலும் அழுத்தித் திணித்துப் பாருங்கள். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே, கம்பியின் அடிக்கும் மெத்தைக்கும் நடுவே, மெத்தையின் பக்கவாட்டில், தலைப்பலகைக்கும் கம்பிச் சட்டத்துக்கும் நடுவே. எங்கே நுழைந்தாலும் அது ஓட்டைதான். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006இல் இப்படிச் சிக்கக்கூடிய ஏழு இடங்களைப் படம் போட்டே காட்டியிருக்கிறது.

10 ஜூன் 2024, ராத்திரி

தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு ஆசாரி அண்ணன் "அங்குலம் எல்லாம் எதற்கு அம்மா, 60 எம்.எம். என்று சொல்லுங்கள், நாங்களும் படித்தவர்கள்தான்" என்று எழுதியிருக்கிறார். சரி அண்ணே, 60 எம்.எம்., திணித்துப் பார்க்கும் கட்டையும் அதே கனம்.

அவரே ஒரு நல்ல விஷயமும் சொன்னார். அளக்கும்போது மெத்தையின் ஓரத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து அமுக்க வேண்டும், இன்னொரு ஆள் கம்பியை வெளிப்பக்கமாக இழுக்க வேண்டும், அப்போதுதான் உண்மையான இடைவெளி தெரியும் என்றார். மடக்குக் கம்பியில் திருகு தேய்ந்திருந்தால் கை வைத்ததுமே இரண்டு விரல் ஆடும். பழைய கட்டிலுக்கு இதுதான் முதல் பரிசோதனை என்று இப்போது தோன்றுகிறது, இடைவெளி அளப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

13 ஜூன் 2024

"எதற்கு இவ்வளவு பாடு, தரையில் மெத்தை போட்டால் தீர்ந்தது" என்கிறார் ஒருவர். வெளிநாட்டுத் தளங்களிலும் முதல் அறிவுரை இதுதான், நியாயமான அறிவுரையும்கூட. விழ உயரமே இல்லை, கம்பி இல்லை, காசில்லை. ஃபிட்ஸ் உள்ள பிள்ளைக்கு இதைவிட எளிய ஏற்பாடு கிடையாது.

ஆனால் அவர் எந்த ஊர் என்று பார்த்தேன், கோவில்பட்டி, வறண்ட ஊர். அங்கே சரி. எங்கள் குமரி மாவட்டத்தில் கல்குளம் விளவங்கோடு பக்கம் இரண்டு மழையும் பெய்கிறது, எடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) துலாமழையும் (வடகிழக்குப் பருவமழை). தரையோடு கிடக்கும் மெத்தையை நாலு நாள் தூக்கிப் பார்க்காமல் விட்டால் அடியில் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை. மூத்திர வாடைக்கு எறும்பு வரும், மழைக்குப் பூரான் வரும், ரப்பர் தோட்டத்தை ஒட்டிய வீடு என்றால் பாம்பும் யோசிக்க வேண்டிய விஷயம். எழுந்து ஓடத் தெரிந்த பிள்ளைக்குக்கூடப் பரவாயில்லை. கை காலை இஷ்டத்துக்கு அசைக்க முடியாத, "எறும்பு கடிக்குது" என்று சொல்லத் தெரியாத பிள்ளையைத் தரையில் விட எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கள் வீட்டில் அத்தை இன்றைக்கும் கட்டில் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில்தான் நிறுத்துவார், எறும்புக்கு அதைவிட நல்ல மருந்து எந்தக் கடையிலும் இல்லை.

நடுவழி ஒன்று உண்டு. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மரச்சட்டங்கள் அடித்த தாழ்ந்த கட்டில். அடியில் காற்று போகும், துடைப்பம் நுழையும், உருண்டாலும் ஒரு சாண்தான். பக்கத்தில் ஒரு பழைய மெத்தையைப் பகலில் சாய்த்து வைத்துவிட்டு ராத்திரி மட்டும் விரிக்கலாம்.

சுவரோடு ஒட்டிப் போட்டால் ஒரு பக்கம் மிச்சம் என்று நினைக்க வேண்டாம். டைல்ஸில் கட்டில் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். சுவருக்கும் மெத்தைக்கும் நடுவே விழும் பள்ளம் கம்பியைவிட மோசம், ஏனென்றால் அது இருட்டில் கண்ணுக்கே தெரியாது. ஒன்று சுவரில் இறுக்கித் திருக வேண்டும், இல்லை ஒரு ஆள் நடக்கும் அளவுக்குத் தள்ளிப் போட வேண்டும்.

14 ஜூன் 2024

தொட்டில் சீலை பற்றிக் கேட்ட பாட்டிக்கு: ஆறு வயதுப் பிள்ளைக்கு வேண்டாம் பாட்டி. ஆடினால் தூங்குகிறான் என்பது உண்மை. ஆனால் தலை நிமிர்த்தத் தெம்பில்லாத பிள்ளைக்குத் தாடை நெஞ்சில் மடங்கினால் மூச்சு அடைக்கும், சீலையும் கழுத்தில் முறுக்கும். பகலில் நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆட்டுவது வேறு, ராத்திரி விட்டுவிட்டுப் போவது வேறு.

19 ஜூன் 2024

கம்பத்திலிருந்து ஒரு அப்பா. மகனுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம். நடக்கிறான், ஏறுகிறான், ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து கதவைத் திறந்து ரோட்டுக்குப் போகிறான். குமுளி போகும் லாரி எல்லாம் ஓடுகிற ரோடு. "உயரமாகக் கம்பி வைத்துவிட்டேன், அதன்மேலேயே ஏறிக் குதிக்கிறான்" என்கிறார்.

அண்ணே, நான் இதுவரை எழுதியது எதுவும் உங்கள் மகனுக்கு இல்லை. நான் என் மகளை மனதில் வைத்து எழுதிக்கொண்டிருந்தேன், அவள் உருளுவாள், ஏறமாட்டாள். ஏறுகிற பிள்ளைக்குக் கம்பி என்பது விழுகிற உயரத்தைக் கூட்டுவது மட்டும்தான். இடுப்பு உயரக் கட்டிலில் இருந்து விழ வேண்டியவன் நெஞ்சு உயரத்தில் இருந்து தலைகுப்புற விழுவான். கம்பியை எடுத்துவிட்டுத் தாழ்ந்த கட்டிலுக்கு வாருங்கள். உங்கள் பிரச்சினை கட்டிலில் இல்லை, கதவில் இருக்கிறது. எட்டாத உயரத்தில் இரண்டாவது தாழ்ப்பாள், கதவு திறந்தால் அடிக்கிற சின்ன மணி (பேட்டரியில் ஓடுவது, கரண்ட் போனாலும் அடிக்கும்), அறைக்குள் ஏறித் தள்ளிவிடக்கூடிய பீரோவைச் சுவரோடு திருகுவது. அறை முழுவதையும் கட்டிலாக நினைத்துக்கொண்டு சுற்றிப் பாருங்கள்.

ஆன்லைனில் கிடைக்கும் துணி பெட்ரெயில் பற்றியும் கேட்டிருந்தார். அதெல்லாம் இரண்டு வயது முதல் ஐந்து வயது வரை, தானாகக் கட்டிலில் ஏறி இறங்கத் தெரிந்த பிள்ளைக்கு என்று கணக்கிட்டது. நம் பிள்ளைகளுக்கு வயது கடந்திருக்கும், இல்லை ஏறி இறங்கத் தெரியாது. விளம்பரத்தில் அந்தக் குட்டிப் பாப்பா சிரித்துக்கொண்டிருக்கும், சரி. அமுக்கினால் வெளியே சாய்ந்து, மெத்தைக்கும் துணிக்கும் நடுவே ஒரு பை மாதிரி வாய் திறக்கும். மகன் எடையில் நீங்களே ஒரு தடவை சாய்ந்து பாருங்கள்.

22 ஜூன் 2024

சுற்றிலும் வலை அடித்து ஜிப் போட்டு மூடுகிற கட்டில் வெளிநாட்டில் உண்டே, அதைத் தருவிக்கலாமா என்றார் ஒருவர். காசு இருந்தால் தருவிக்கலாம். அமெரிக்காவிலேயே அந்த வகையில் ஒரு கட்டிலுக்கு எதிராக 2005இல் அரசே எச்சரிக்கை கொடுத்தது, மெத்தைக்கும் வலைக்கும் நடுவே சிக்கி இறந்தவர்கள் இருந்ததால். அதற்கு அப்புறம் வந்தவற்றில் மெத்தையையே வலையோடு சேர்த்துத் தைத்து அந்த இடைவெளியை இல்லாமல் செய்தவை உண்டு. வாங்குவதானால் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்: மெத்தை எதில் பிடித்து நிற்கிறது?

இங்கே மார்த்தாண்டம் கடைகளில் தொங்கும் மடக்குக் கொசுவலைக் கூடாரம் அதற்கு மாற்று கிடையாது. கொசுவுக்கு அது போதும். பிள்ளை சாய்ந்தால் கூடாரத்தோடு சேர்ந்து உருளும், முகத்தில் வலை ஒட்டும். சாதாரணக் கொசுவலையை மெத்தை அடியில் இறுக்கிச் செருகினால் பிள்ளை விழாது என்று நினைப்பதும் அதே கதை.

23 ஜூன் 2024

ஒருவர் தனியாக எழுதியிருந்தார், பெயர் வேண்டாம். ராத்திரி மகனின் ஒரு காலை வேட்டியால் கட்டிலோடு கட்டிவிட்டுத்தான் தூங்குகிறாராம். "எனக்கு வேறு வழி இல்லை, தூங்காமல் காலையில் வேலைக்குப் போக முடியவில்லை."

அவரைத் திட்டி எழுத எனக்கு வாய் வரவில்லை. தூக்கமில்லாத ராத்திரிகள் எனக்கும் தெரியும். ஆனால் அவிழ்த்துவிடுங்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை, 28 பேர் செத்தார்கள். ஃபிட்ஸ் வரும் பிள்ளை கட்டோடு புரண்டால் காலும் போகும், மூச்சும் போகும். பூட்டுகிற அறையானாலும் மூடுகிற கட்டிலானாலும் நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான்: வெளியிலிருந்து, இருட்டில், சாவி இல்லாமல், ஒரே கையால் திறக்க வரவேண்டும். தாத்தா பாட்டிக்கும் திறக்கத் தெரிந்திருக்க வேண்டும். அப்புறம், அது பகலில் பிள்ளையை அடைத்துவைக்கும் இடமாக மாறிவிடக் கூடாது. "கொஞ்ச நேரம் அதிலே கிடக்கட்டும்" என்பது எங்கே போய் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும்.

அவர் தூங்க வேண்டும் என்பதும் பாதுகாப்பில் சேர்த்திதான். வாரத்தில் ஒரு ராத்திரி மைத்துனரை வரச் சொல்லியிருக்கிறாராம்.

30 ஜூன் 2024

மரம். ஆசாரி அண்ணன் ரப்பர் மரக் கட்டில் மலிவு என்றார், நம்ம மாவட்டத்தில் ரப்பருக்குப் பஞ்சமா. பச்சை ரப்பர் மரத்தில் பூஞ்சையும் வண்டும் வேகமாக ஏறும், அதனால் போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசலில் ஊறவைத்துப் பதப்படுத்தித்தான் விற்கிறார்கள். கடித்துக்கொண்டே இருக்கும் பிள்ளை உள்ள வீட்டில் அந்தக் கம்பியை வாயில் எட்டும்படி வைக்காதீர்கள். அயனியோ பலாவோ கிடைத்தால் நல்லது, பழைய வீடு இடித்த மரம் என்றால் பெயிண்டைச் சுரண்டி எடுக்காமல் போடவே கூடாது, பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அண்ணன் இதற்கு "பிள்ளை கடிக்கும் என்றால் நான் தேன்மெழுகு தேய்த்துத் தருகிறேன்" என்று பதில் போட்டுவிட்டார். அவர் இங்கே ஆர்டர் பிடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று எனக்கு லேசாகச் சந்தேகம் உண்டு, ஆனால் சொல்வதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

மெத்தை: கயிறு மெத்தை, ரப்பர் சேர்த்த கயிறு மெத்தை, எதுவானாலும் கெட்டியாக இருக்கட்டும். குப்புறப் புரண்டு தலை திருப்ப முடியாத பிள்ளை மெத்தென்ற பஞ்சில் முகம் புதைந்தால் ஆபத்து. வலிப்பில் தூக்கத்திலேயே இறப்பது அரிது, அப்படி இறந்தவர்களில் பெரும்பாலானோர் குப்புறக் கிடந்திருக்கிறார்கள் என்பதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பெரிய தலையணை, கரடி பொம்மை, கம்பியைச் சுற்றிக் கட்டும் பஞ்சுமெத்தை எல்லாம் ராத்திரி வெளியே. கைக்குழந்தைத் தொட்டிலுக்கு அப்படிக் கட்டும் பஞ்சை அமெரிக்காவில் 2022இல் சட்டம் போட்டே விற்கக் கூடாது என்றார்கள். கம்பியில் கை கால் மோதும் என்றால் மெல்லிய, கெட்டியான ஃபோம் பாயை இறுக்கிக் கட்டுங்கள், நடுவே கை நுழையாதபடி.

2 ஜூலை 2024

ஏர்பெட் போட்டவர்கள் கவனிக்க. படுக்கைப்புண் உள்ள பிள்ளைக்கு அது தேவைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் பழைய மெத்தைக்கு மேலே அதை வைத்தால் பிள்ளை நாலு விரற்கடை உயர்ந்துவிடும், கம்பி அதே அளவு தாழ்ந்துவிடும். மெத்தைக்கு மேலே கம்பி 22 செ.மீ. குறையாமல் நிற்க வேண்டும் என்பது பெரியவர்களுக்கே கணக்கு. இன்னொன்று, காற்று மெத்தையின் ஓரம் எடை பட்டதும் அமுங்கும், நேற்று மரக்கட்டை நுழையாத இடத்தில் இன்று நுழையும். மெத்தையை மாற்றினால் மறுபடி கட்டையை எடுங்கள். கரண்ட் போனால் காற்று இறங்கும், இன்வெர்ட்டரில் அந்த பிளக் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

7 ஜூலை 2024

தாழ்ந்த கட்டில் என்று ஜூன் 13இல் எழுதியதில் ஒரு பக்கம் விட்டுப்போயிற்று, என் முதுகு அதை ஞாபகப்படுத்தியது. மகளுக்கு இப்போது பதினொன்று. டயபர் மாற்ற, துடைக்க, உடுப்பு மாட்ட, ஒரு சாண் உயரத்தில் குனிந்து நிமிர்ந்தால் அம்மாக்காரி இடுப்பு போய்விடும். அவள் படுத்துவிட்டால் பிள்ளையை யார் தூக்குவது? பிசியோ சொல்லித்தந்தபடி பகல் வேலைக்கெல்லாம் இடுப்பு உயரத்தில் ஒரு பலகை மேடை, ராத்திரிக்கு மட்டும் தாழ்ந்த கட்டில் என்று பிரித்துவிட்டோம். மேடையில் ஒரு கை எப்போதும் பிள்ளைமேல் இருக்க வேண்டும், போன் அடித்தாலும்.

உயர்த்தி இறக்கும் கட்டில் வாங்க முடிந்தவர்களுக்கு இந்தப் பாடு இல்லை. வாங்கினால் ராத்திரி கடைசி மட்டத்துக்கு இறக்கிவிட்டு ரிமோட்டைப் பிள்ளைக்கு எட்டாமல் தூக்கிப்போடுங்கள். இறங்கும்போது அடியில் தம்பி தங்கை, பூனை இல்லையே என்றும் பாருங்கள்.

ட்யூப் வழியாக ஊட்டுகிறவர்கள் தலைப்பக்கம் உயர்த்துவது பற்றிக் கேட்டீர்கள். 30 டிகிரி போல உயர்த்தச் சொல்வது வழக்கம், உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு என்பதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். உயர்த்தினதும் உடம்பு கீழே சறுக்கும், சறுக்கும்போது கம்பியின் இடைவெளிகளும் மாறும். ஃபவுலர் கட்டிலில் தலைப்பலகை மடங்குகிற இடத்தில்தான் பெரிய வாய் திறக்கிறது, உயர்த்திய நிலையிலும் கட்டையைத் திணித்துப் பார்க்க வேண்டும்.

11 ஜூலை 2024

காசு. கேரளத்தில் பாலியேடிவ் (வீட்டில் கிடப்பவர்களுக்கான நோய்த் தணிப்புப் பராமரிப்பு) கொள்கை 2008லேயே வந்துவிட்டது, பஞ்சாயத்து பாலியேடிவ் யூனிட்டுகளில் கட்டில், வாட்டர்பெட், வீல்சேர் எல்லாம் தேவைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுக்கலாம். பாறசாலைத் தங்கச்சிக்கு அது நேரே கிடைக்கும். களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் இருக்கிற நமக்கு ரேஷன் கார்டு வேறு மாநிலம் ஆயிற்றே. நம்ம பக்கம் கடும் பாதிப்புள்ள பிள்ளைகளுக்கான பராமரிப்புத் தொகை 2024இல் மாதம் 2,000 ரூபாயாக இருந்தது, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நிராமயா என்கிற மத்திய அரசுக் காப்பீடு 1 லட்சம் வரை என்பது சிகிச்சை, தெரபி செலவுக்கு, அதை நம்பிக் கட்டிலுக்கு ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள். யு.டி.ஐ.டி. அட்டை (நாடு முழுவதும் செல்லும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) மட்டும் எல்லை தாண்டினாலும் செல்லும், இன்னும் எடுக்காதவர்கள் எடுத்துவிடுங்கள்.

இரவல் கட்டிலில் எனக்கு ஒரு கவலை: போன வீட்டில் யார் என்ன திருகினார்கள் என்று தெரியாது. சக்கரத்தில் பிரேக் நாலும் பிடிக்கிறதா, இரண்டுதானா என்று தள்ளிப் பாருங்கள்.

21 ஜூலை 2024

பாறசாலைத் தங்கச்சி எழுதியிருக்கிறாள். அந்தக் கட்டிலை எடுத்தே விட்டார்களாம், சொன்னால் கேட்கிறார்களா. ஆனால் மடக்குக் கம்பி இரண்டையும் கழற்றிப் பழைய இரும்பு வாங்கும் ஆக்கர்காரருக்குக் கொடுத்துவிட்டு, வெல்டரை வைத்து 55 எம்.எம். இடைவெளியில் நேர்க்கம்பி அடித்து, ஒரு பக்கம் கீல் வைத்துக் கதவு மாதிரி வெளியே திறக்கும்படி செய்திருக்கிறார்கள். படம் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. குறுக்குக் கம்பிகளைக் கொடுக்காமல் நேர்க்கம்பி மட்டும் வைத்தது கெட்டிக்காரத்தனம், கால் வைத்து ஏற இடமில்லை. இரண்டு சந்தேகம் மட்டும் தங்கச்சி: அந்தக் கதவின் கொண்டி உள்பக்கம் இருப்பது போலத் தெரிகிறது, அதை வெளிப்பக்கம் மாற்று. மெத்தை கட்டிலைவிட நீளம் குறைவாகத் தெரிகிறது, கால்மாட்டில் எவ்வளவு வாய் இருக்கிறது? கட்டையை வைத்து ஒரு படம் எடுத்துப் போடு.